உச்சி வரைக்கும் எண்ணு

அருப்புக்கோட்டை
2 ஜூலை 2025, புதன் இரவு

அம்மா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. அனீஸ் மாமாவுக்கும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மாமா நல்லவர்தான், ஆனால் அவர் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். இப்படி ஒரு கடிதம் போனது அத்தாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கொண்டுவந்து கொடுப்பவள் தங்கமாரி. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். தினமும் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். மாமாவின் செல்போன் கடை அவளுக்குத் தெரியுமாம். "எங்கம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டேன்டி. ஆனா நீ துபாய் போனதும் எனக்கு ஒரு கிலோ சாக்லேட்டு அனுப்பணும்" என்றாள். இன்னும் போகவே இல்லை, அதற்குள் கேட்கிறாள்.

என் போனை அத்தா அம்மிக்கல்லில் வைத்து உடைத்துவிட்டார். பள்ளிக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டு, அவரே கூட்டிப்போகிறார். நீ வந்தால் என்னைப் பார்க்க விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார்.

நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. அன்று நான் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி முழுவதும் ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தது. "உங்கம்மா துணி காயப் போடப் போயி வழுக்கி விழுந்துட்டா. உங்க மாமன் வந்து சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார் அத்தா. கடைசிப் படியின் இடுக்கில் உன் வளையல் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். நீ வழுக்கி விழவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினாறு வயது ஆகிறது.

ஆனால் இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. கோபப்படாமல் படி. துபாயில் அத்தா டூரிஸ்ட் வேன் ஓட்டிய பழைய கம்பெனி முதலாளி திரும்பக் கூப்பிட்டிருக்கிறாராம். மூன்று பேருக்கும் விசா. வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் ஜமாஅத் ஆபீசில் உங்கள் இரண்டு பேர் விஷயத்தையும் பேசப் போகிறார்கள். அங்கே என்னையும் கேட்பார்களாம். "அம்மா தானா வழுக்கி விழுந்தாக, அத்தா அடிச்சு நான் பார்த்ததில்லை" என்று நான் சொல்ல வேண்டும். நீ வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மாதம் நாம் அங்கே இருப்போம்.

எனக்குத் திரும்பப் போக வேண்டும், அம்மா. இங்கே தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் இடமாக நினைத்துக்கொள்கிறேன். ஷார்ஜாவில் ஒரே ஹாலைப் பிளைவுட் தட்டி வைத்து மூன்று குடும்பமாக இருந்தோமே, நான் தும்மினால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மலையாளச் சேச்சி, "சுக்குக் காப்பி வேணோ மோளே" என்று கேட்பாரே, அதுகூட ஞாபகம் வருகிறது. வேனில் இரண்டு சீட்டு காலியாக இருக்கிற நாளில் அத்தா நம்மையும் ஏற்றிக்கொள்வார். புர்ஜ் கலீஃபா. கடலுக்குள் பாய்மரம் மாதிரி நிற்கிற ஓட்டல். அபுதாபியின் வெள்ளைப் பள்ளிவாசல். தங்கச் சட்டம் போட்ட போட்டோ ஃபிரேம் மாதிரியே கட்டிய அந்தப் பெரிய துபாய் ஃபிரேம். டூரிஸ்ட்டுகள் இறங்கி உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் வரும்வரை வேனில் நாம் மூன்று பேர் மட்டும். அத்தா என்னை முன் சீட்டில் உட்காரவைத்துப் பாட்டுப் போடுவார். "உச்சி வரைக்கும் மாடிய எண்ணு தாயி. திரும்பக் கூடாது. தப்பா எண்ணுனா மறுபடி முதல்லருந்து" என்பார். மேலே போகப் போகக் கட்டடம் மெலிந்து, கண் கூசி, எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி தொடங்குவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

ஒன்று கவனித்திருக்கிறாயா? எதற்குள்ளும் நாம் போனதே இல்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்துதான் பார்த்தோம். இந்த முறை உள்ளே கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். ஃபிரேமுக்கு மேலே கண்ணாடித் தரை இருக்கிறதாம். அதில் நடக்க வேண்டும்.

அங்கே இருந்த அத்தா வேறு, அம்மா. அங்கே அவர் உன்னை அடித்து நான் பார்த்ததில்லை. இந்த ஊர்தான் அவரை இப்படி ஆக்கிவிட்டது. நேற்று ஷோகேஸைக் கீழே தள்ளிவிட்டார். அதில் இருந்த கண்ணாடி புர்ஜ் கலீஃபா பொம்மை தூளாகிவிட்டது. நான்தான் கூட்டி அள்ளினேன். அதன் அடியில் இருந்த பித்தளைக் கட்டை மட்டும் உடையவில்லை.

சொல்லிவிடட்டுமா? நீ வருவாயா?

ஜன்னத்


திருச்சுழி
4 ஜூலை 2025

ஜன்னத் கண்ணு,

இடது கையில் மாவுக்கட்டு. காகிதம் நகராமல் இருக்க ஒரு தம்ளரை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

சாப்பிடுகிறாயா? சோறு நீ வடிக்கிறாயா? மாடி அறையிலேயே படுத்துக்கொள். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள். கதவு சரியாகச் சேராது, கொஞ்சம் தூக்கிப் போட வேண்டும்.

உன்னை விட்டுவிட்டுப் போனேன் என்று நினைத்திருப்பாய். நான் போகவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது மதுரை ஆஸ்பத்திரி.

ஜமாஅத்தில் அத்தா சொல்லிக் கொடுத்ததையே சொல்லிவிடு. நான் வழுக்கித்தான் விழுந்தேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னேன். உன் மேல் அடி விழக்கூடாது. அது போதும் எனக்கு.

ஆனால் நான் வரமாட்டேன். விசாவுக்கும் வரமாட்டேன், எதற்கும் வரமாட்டேன். அதை மட்டும் கேட்காதே.

அங்கே இருந்த அத்தா வேறு என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இன்று காலைதான் மறுபடி எடுத்தேன்.

இனி எழுதாதே. அந்தப் பிள்ளையையும் மாட்டி வைக்காதே.

அம்மா


அருப்புக்கோட்டை
8 ஜூலை, செவ்வாய் இரவு

அம்மா,

எழுதாதே என்றால் எப்படி? நீ அங்கே மாமா வீட்டில் மாமி காய்ச்சுகிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருப்பாய். நான் இங்கே தனியாக அத்தாவோடு இருக்க வேண்டும். ஒரு மாதம் பொறுத்திருந்தால் மூன்று பேரும் போயிருக்கலாம். உனக்கு வர இஷ்டமில்லை. எனக்காகக்கூட இல்லை. எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்து அழிக்கப் போவதில்லை.

அத்தா இப்போது என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறார். விருதுநகர் கூட்டிப்போய் சுடிதார் வாங்கிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தோம். என் பழைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அதில் நான் பல் விழுந்த பிள்ளை. போட்டோக் கடைக்காரர், "சிரிக்காம இரும்மா" என்றார். அத்தா, "அவ எங்கங்க சிரிக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சாயங்காலம் ஜமாஅத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் ஹாலில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அத்தா தலைவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். "அம்மா தானா வழுக்கி விழுந்தாக" என்று நான் சொல்வேன். திக்கினால் எழுந்து வந்து, அந்தப் பித்தளைக் கட்டையால் என் தலைக்குப் பக்கத்தில் சுவரில் அடிப்பார். என்னை அடிக்கவில்லை. சுவரைத்தான். காரை பெயர்ந்து முடியில் விழும். இப்போது என் இரண்டு காதுக்குப் பக்கத்திலும் சுவரில் குழி இருக்கிறது. நான் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம் மாதிரி.

முந்தாநாள் பின் வீட்டுக் குருவம்மாள் அக்கா பால் ஊற்ற வந்தார். சத்தம் கேட்டிருக்கும் போல. "என்ன பாய், ராவுல ஆணி அடிக்கிறீகளா?" என்றார். அத்தா, "ஆமாக்கா, போட்டோ மாட்டுறேன்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அத்தா போனதும், "எம்புட்டுப் போட்டோ மாட்டுவாரு உங்கத்தா? தாயி, உன் ரூம்பு ஜன்னலு எங்க மாட்டுக்கொட்டகைக்கு நேராத்தான் இருக்கு. ஒரு சத்தம் குடு. எந்நேரம்னாலும் எங்க வீட்டு ஆளு அருவாளோட வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் அருவாள்.

சுவரில் அடி விழும்போது நான் மாடி எண்ணிக்கொள்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டே எண்ணலாம். வேனின் முன் சீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அப்போது ஒன்றும் கேட்காது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது வரும்.

புர்ஜ் கலீஃபா நீரூற்றுக்கு முன்னால் மூன்று பேரும் எடுத்த போட்டோவை அத்தா போனில் காட்டினார். ஜமாஅத்தில் காட்டுவதற்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார். நீ இருட்டில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாய். "ராத்திரியில எதுக்கும்மா கூலிங் கிளாஸ்" என்று அன்றைக்கு நான் கேட்டேன். "துபாய்ல வெளிச்சம் சாஸ்தி" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

நீ வரவில்லை என்றால் நான் அத்தாவோடு போய்விடுவேன்.

ஜன்னத்


திருச்சுழி
10 ஜூலை 2025

ஜன்னத்,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. ஊதுவத்தி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். அந்தக் கட்டடங்கள் உனக்காவது நல்லவையாக இருக்கட்டும் என்று. ஆனால் நீ அவரோடு போய்விடுவேன் என்கிறாய். சுவரில் குழி என்கிறாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஷார்ஜா வீட்டில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தது. தும்மினாலே கேட்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். சத்தம் கேட்டால் சேச்சி வருவார், சேச்சி வந்தால் வாட்ச்மேன், வாட்ச்மேன் வந்தால் போலீஸ், போலீஸ் வந்தால் விசா போய்விடும். உன் அத்தாவுக்கு அடிக்க ஓர் இடம் இல்லை. அதனால்தான் நமக்கு இத்தனை இடம் பார்க்கக் கிடைத்தது.

காலி சீட்டு எல்லா நாளும் இருந்தது. குழம்பில் உப்புக் கூடியதற்கும், ஊரிலிருந்து அனீஸ் போன் செய்ததற்கும், நான் சேச்சியிடம் சிரித்ததற்கும் அவர் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்வார். அது சேர்ந்ததும், "நாளைக்குக் கிளம்புங்க, வெளிய போவோம்" என்பார். நீ குதிப்பாய். நான் உனக்குத் தலை சீவி விடுவேன்.

வேனுக்குத் திரை இருந்தது தெரியுமல்லவா, பச்சைத் திரை. டூரிஸ்ட்டுகள் போனதும் எல்லாவற்றையும் இழுத்துவிடுவார். டிரைவர் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைப்பார். உன்னை எண்ணச் சொல்வார். பாட்டைக் கூட்டுவார். என்னைக் கடைசி சீட்டில் குப்புறக் கிடத்தி, டயர் கழற்றுகிற இரும்பைத் துண்டில் சுற்றி அடிப்பார். தோல் கிழியாது. வாயில் என் முந்தானையை நானே வைத்துக்கொள்வேன். முகத்தில் படாது. இரண்டு தடவைதான் பட்டது. அதில் ஒன்று நீ கேட்ட கூலிங் கிளாஸ்.

நீ எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். நீ உச்சியைத் தொட்டுவிட்டால் அவர் நிறுத்துவார். அதுதான் அவருடைய சட்டம். நாற்பது, ஐம்பது என்று நீ ஏறுவாய். தொட்டுவிடுவாய் என்று நினைப்பேன். தப்பாக எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

இது உன் குற்றமில்லை. இதை எழுதும்போதே தெரிகிறது, நீ அப்படித்தான் எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஏழு வயது, எட்டு வயது.

பிறகு டூரிஸ்ட்டுகள் வருவதற்குள் நம்மை இறக்கி போட்டோ எடுப்பார். ஒரு கட்டடம் விடாமல் எல்லாவற்றின் முன்னாலும். அந்தப் போட்டோக்களைத்தான் ஜமாஅத்துக்காரர்களுக்குக் காட்டப் போகிறார். என் கூடப்பிறந்த அனீஸே பார்த்துவிட்டு, "இம்புட்டு ஊரு சுத்திக் காட்டுன மனுசனாக்கா அடிச்சிருப்பாரு?" என்றான். அங்கே இருந்த வருஷமெல்லாம் நான் அந்தப் போட்டோக்களைத்தான் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் கேட்பதில் என்ன தப்பு.

இன்னும் ஒன்று. இதை மறக்காதே. சாதாரணமாக அவர் கதவைத் தட்டமாட்டார், உதைத்துத் திறப்பார். அப்போது வாய்ச் சண்டையோடு போய்விடும். மனதுக்குள் முடிவு செய்துவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் மெதுவாகத் தட்டுவார். முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். மாடியில் நான் துணி காயப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தபோது அப்படித்தான் தட்டினார். "ஆசியா உம்மா" என்றார். நான் திறந்தேன். எப்போதும் திறந்துவிடுவேன்.

அம்மா


அருப்புக்கோட்டை
14 ஜூலை, திங்கள் இரவு

அம்மா,

தங்கமாரி பள்ளியில் இதைக் கொடுத்தாள். பாத்ரூமில் நின்று படித்தேன். வாந்தி வந்தது. டீச்சர் வெயில் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாக எண்ணினேன். பாட்டு நன்றாக இருந்தது. முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

இன்னொன்று. கண்ணாடியை அத்தா கூரைப் பக்கம் திருப்பி வைப்பார் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் நீரூற்று அன்று இருட்டிவிட்டது. இருட்டினால் முன் கண்ணாடியிலேயே உள்ளே இருப்பது தெரியும். கோபுரமும் தெரிந்தது, அதற்கு மேலேயே அத்தாவின் கையும் தெரிந்தது, ஏறி இறங்கி. அத்தா சீட்டைத் தட்டித் தூசி போக்குகிறார் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா என்று இப்போது தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை, அம்மா. தூங்குவதற்கு நான் வைத்திருந்தது அவ்வளவுதான். எல்லாமே போய்விட்டதா? எதையாவது நான் வைத்துக்கொள்ளலாமா?

வெள்ளிக்கிழமை என்ன சொல்ல?

ஜன்னத்


திருச்சுழி
16 ஜூலை 2025

கண்ணு,

மக்கா மணிக்கூண்டை வைத்துக்கொள்.

ஷார்ஜாவிலிருந்து பஸ்ஸில் உம்ரா யாத்திரை போனோமே. உன் அத்தா இஹ்ராம் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். இஹ்ராமில் இருக்கும்போது எறும்பைக்கூட நசுக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது. உன் காலில் ஏறிய எறும்பை அவர் ஊதி விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பகலும் ஓர் இரவும் அவர் கைக்குப் பக்கத்தில் நான் பயமில்லாமல் நடந்தேன். மணிக்கூண்டுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்ததும் நீ என் தோளில் தூங்கிப்போனாய். அது சுத்தமானது. அதில் ஒன்றும் கிடையாது.

வெள்ளிக்கிழமை நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். திக்கினாலும் பரவாயில்லை, வாயைத் திறக்காதே. நான் அனீஸோடு வருகிறேன். என்னை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் ஆட்டோவில் இருப்பேன். உன் கடிதங்களை அனீஸுக்குக் காட்டிவிட்டேன். காட்டாதே என்றாய். காட்டினேன். சுவரில் குழி என்ற இடத்தைப் படித்ததும் எழுந்து கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்து, "திங்கக்கிழமை மகளிர் ஸ்டேசனுக்குப் போவோம்க்கா. அதுக்கு முன்னாடி ஜமாஅத்துல ஒரு வார்த்தை பேசிருவோம்" என்றான்.

திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்.

அம்மா


அருப்புக்கோட்டை
18 ஜூலை, வெள்ளி இரவு

அம்மா,

நீ ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று மாமா சொல்லியிருப்பார். அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், எல்லாம் காதில் விழுந்திருக்காது. நான் சொல்கிறேன்.

முதலில் அத்தா போனை எடுத்துப் போட்டோக்களைக் காட்டினார். தலைவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். நாங்க மதுரையத் தாண்டுனதில்ல, இந்தப் புள்ள உலகத்தையே பார்த்திருக்கே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எங்க வீட்டுல உள்ளவுகளுக்கு இதக் காட்டிராதீக பாய், நம்ம பாடு திண்டாட்டமாயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். பிறகு தலைவர் என்னைப் பார்த்து, "பயப்படாமச் சொல்லும்மா. அத்தா அம்மாவ அடிச்சு நீ பார்த்திருக்கியா?" என்றார்.

நீ பேசாதே என்றாய். பேசாமல்தான் நின்றேன். திக்கல் வந்தது. பழக்கத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டேன், சுவரில் அடி விழும் என்று. அங்கே யாரும் அடிக்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. தலைவர் கையிலிருந்த போனைக் கேட்டு வாங்கினேன்.

"இது ராத்திரி எடுத்தது. அம்மா கூலிங் கிளாஸ் போட்டிருக்காக. எதுக்குன்னு அத்தாகிட்டக் கேளுங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர், "ஸ்டைலுக்குப் போட்டிருக்கும் அந்தப் புள்ள" என்றார்.

பள்ளிவாசல் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். எல்லோரும் நேராக நிற்கிறார்கள். நீ மட்டும் ஒரு தோளைத் தூக்க முடியாமல் நிற்கிறாய். ஃபிரேம் போட்டோவில் என் கையைப் பிடித்திருக்கிறாய், உன் விரல் மூடவில்லை. பின்னால் வேன் தெரிகிறது. வெயிலுக்கு என்று சொல்ல உச்சி வெயிலும் இல்லை, சாயங்காலம். எல்லாத் திரையும் இழுத்துவிட்டிருக்கிறது. "திரைய எதுக்கு இழுத்துவிட்டாகன்னு கேளுங்க. நான் முன்னாடி உக்காந்து மாடி எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் பேசினார்கள். கடைசியில், இன்னொரு வெள்ளிக்கிழமை கூடுவோம் என்றார்கள். மாமா என்னை இப்போதே கூட்டிப்போகிறேன் என்றார். "அத்தா இருக்கும்போது குமருப் புள்ளைய எப்படிங்க அனுப்ப" என்றார்கள். ஆனால் தலைவர் அத்தாவிடம், "பீர் மைதீன், அக்கம்பக்கம் காது குடுத்துக்கிட்டுத்தான் இருக்கும். வீட்டுல ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா நானே ஸ்டேசனுக்குப் போவேன்" என்றார். அத்தா, "ஒரு சத்தமும் கேக்காது" என்றார்.

அத்தா என்னை வண்டியில் கூட்டிவந்தார். வழியில் நிறுத்திப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எதையும் உடைக்கவில்லை. பித்தளைக் கட்டையைத் துடைத்து ஷோகேஸ் இருந்த இடத்தில் வைத்தார். பிறகு சொன்னார், "நாளைக்குக் கன்னியாகுமரி போவோம். நீ மட்டும் நானு மட்டும். சூரியன் உதிக்கிறதப் பார்க்கணும்ல, ராத்திரியே கிளம்புனாத்தான் சரியா இருக்கும். நானே வந்து எழுப்புறேன்."

அவர் இங்கே ஓட்டுகிற வாடகை வேனுக்கும் திரை இருக்கிறது, அம்மா. சாயங்காலம் எல்லாத் திரைகளையும் கழற்றித் துவைத்துக் கொடியில் காயப் போட்டார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இப்போது கொடி காலியாக இருக்கிறது. எடுத்து மாட்டிவிட்டார்.

வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டில் கேட்காது.

உள்தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் வளையல் துண்டைக் கையில் வைத்திருக்கிறேன், அதனால் ஒன்றும் ஆகாது, சும்மா. இந்தக் காகிதத்தை மடித்து ஜன்னல் கம்பி வழியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டுவிடுவேன். குருவம்மாள் அக்கா பால் கறக்க வரும்போது எடுப்பார். மாமா கடை தங்கமாரியைக் கேட்டால் தெரியும் என்று மேலே எழுதிவிட்டேன்.

கொட்டகையில் இன்னும் விளக்கு எரிகிறது. ஒரு மாடு ஈனப் போகிறது போல. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது என்றால், நான் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாய், விசா போய்விடும் என்று. எனக்கு விசா வேண்டாம். எனக்கு எங்கேயும் போக வேண்டாம்.

மணிக்கூண்டை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எறும்பை ஊதி விட்டார் என்று எழுதினாயே. அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. காலில் காற்றுப் பட்டது.

படியில் கால் சத்தம். ஏறி வருகிறார். நான் எண்ணமாட்டேன்.

நின்றுவிட்டார்.

அம்மா, தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார். ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்கிறார். நான் கதவுப் பக்கம் போகவில்லை, ஜன்னல் பக்கம்